கதவையும் சாத்த வேண்டும், வெளிச்சமும் வேண்டும்

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில் காரியாபட்டியைத் தாண்டி ஏதாவதொரு மண்பாதையில் இறங்கினால், சீமைக்கருவேலங்காட்டுக்கு ஊடே இன்னும் சில பழைய வீடுகள் நிற்கின்றன. ஒன்றரை அடிக் கனத்தில் மண்சுவர். அதில் இரண்டு முழ உயரத்துக்கு ஒரு சன்னல். நெட்டுக்குத்தாக ஐந்து இரும்புக் கம்பி, வேப்பம்பலகையில் இரட்டைக் கதவு, உள்ளே ஒரு கொக்கி. கண்ணாடி கிடையாது. சித்திரை மாதம் காலை பத்து மணிக்கெல்லாம் பலகையைச் சாத்திவிடுவார்கள். அனல்காற்று உள்ளே வராது. வீடு இருட்டாகிவிடும், அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. சாயங்காலம் கொக்கியை எடுத்தால் காற்று வரும். மார்கழிப் பனிக்கும் அதே பலகை, அதே கொக்கி. இருபது டிகிரிக்கே தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிற சீமை இது. அதற்கு அந்தப் பலகை போதும்.

இந்தச் சன்னலைத் திறந்தால் காற்றும் வெளிச்சமும் சேர்ந்து வரும். சாத்தினால் இரண்டும் சேர்ந்து போகும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் சாத்தி வைப்பது பெரிய காரியமில்லை. வருஷத்தில் ஆறு மாதம் சாத்தியே வைக்க வேண்டிய ஊர்க்காரர் என்ன செய்வார்? இந்த வானம் பார்த்த பூமியிலிருந்து பட்டாளத்துக்குப் போய் லடாக்கில் காவல் நின்று திரும்பியவர்களும், கனடாவிலும் நோர்வேயிலும் குடியேறிய ஈழத் தமிழர்களும் அந்தக் கேள்வியை உடம்பாலேயே அறிந்தவர்கள்.

பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. சன்னலுக்குப் பழந்தமிழில் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. குளிர் நாட்டுக்காரர்களும் அப்படித்தான் பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் சன்னலைக் குறிக்கும் 'விண்டோ' பழைய நார்ஸ் மொழியின் 'விந்தௌகா'விலிருந்து வந்தது. பொருள், காற்றின் கண். நாம் இன்று சொல்லும் சன்னலும் ஜன்னலும், யாழ்ப்பாணத்தார் எழுதும் யன்னலும், போர்த்துக்கீசியரின் 'ஜனேலா'விலிருந்து வந்தவை. வாடைக்காலத்தில் காற்றின் வழியை அடைப்பது தமிழுக்கும் புதிதல்ல. நக்கீரரின் நெடுநல்வாடையில், வேனிலில் தென்றல் வருவதற்கென்று வைத்த சாளரங்களின் இரட்டைக் கதவுகளைக் குளிருக்குப் பயந்து தாழிட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் அது மதுரைப் பக்கத்து வாடை. தை முடிந்தால் தாழைத் திறந்துவிடலாம்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே குளிருக்குச் சொல்லப்பட்ட மிகத் துணிச்சலான பதில் நீலகிரியில் இருக்கிறது. தோடர்களின் பழைய வீட்டில் சன்னலே கிடையாது. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்து, பாதியாக அறுத்த பீப்பாயைக் கவிழ்த்ததுபோல் கட்டியிருப்பார்கள். முகப்பில் ஒரே ஒரு திறப்பு, சுமார் மூன்றடி உயரம், மூன்றடி அகலம். குனிந்தால் போதாது, ஏறக்குறையத் தவழ வேண்டும். உள்ளே அடுப்புச் சூடும் மனித மூச்சும் தங்கிவிடும், புகையும் இருட்டும்கூட. வெளிச்சம் வேண்டுமென்றால் வெளியே வந்துவிட வேண்டியதுதான். பகலெல்லாம் எருமையோடு புல்வெளியில் நிற்பவர்களுக்கு அது பொருந்தியது.

அதே மலையில் 1822-ல் ஆங்கிலேயர் ஜான் சல்லிவன் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து வந்த வெள்ளைக்காரர்களின் வீடுகளில் முன்துருத்திய பெரிய கண்ணாடிச் சன்னல்கள், அறைக்கொரு கணப்படுப்பு. ஒற்றைக் கண்ணாடி வழியாகக் குளிர் இறங்கும், அதை ஈடுகட்ட விறகு எரியும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்தாலும் பகலில் வெயில் வந்துவிடுகிறது. அதனால்தான் அந்தச் சன்னல்கள் பிழைத்தன. பூச்சியத்துக்குக் கீழே இருபது, முப்பது என்று இறங்குகிற ஊரில் அந்த ஏற்பாடு ஒரு குளிர்காலம் தாங்காது.

கண்ணாடி எட்டாத இடங்களில் மக்கள் செய்த வித்தைகள் தனிக் கதை. காஷ்மீரத்துப் பழைய வீடுகளின் சன்னல்களில் பிஞ்சராகாரி என்ற மரப்பின்னல் வேலை இருக்கும். சின்னச் சின்னக் குச்சிகளைக் கோத்து வடிவங்களாக அடைத்திருப்பார்கள். கோடையில் அதன் வழியாகக் காற்று வரும். குளிர் தொடங்கியதும் அதன்மேல் காகிதத்தை ஒட்டிவிடுவார்கள். காற்று நிற்கும், மங்கலாக வெளிச்சம் வரும். இன்றைக்கு ஸ்ரீநகரில் டிசம்பர் 21-ல் தொடங்கும் சில்லை கலான் என்ற நாற்பது நாள் கடுங்குளிருக்கு முன்னால் அந்தக் காகிதத்தின் வேலையை பாலிதீன் தாள் செய்கிறது. சைபீரியாவில் யாக்கூத்துகள் செய்தது இன்னும் விசித்திரம். ஜனவரிச் சராசரியே மைனஸ் 35-க்குக் கீழே போகும் ஊரில், ஆற்றுப் பனிக்கட்டியைப் பலகையாக அறுத்துச் சன்னல் குழியில் பதித்தார்கள். உள்ளே அடுப்பு எரியும், பனிக்கட்டி உருகாது. அந்தப் பக்கத்துக் குளிர் அத்தனை உறுதி. கோடை வந்ததும் மாட்டின் சவ்வையோ அபிரகத் தகட்டையோ மாட்டிக்கொண்டார்கள்.

லடாக்குக்கு வந்தால் விஷயம் வேறு திசையில் திரும்புகிறது. லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கால இரவில் மைனஸ் 20 சர்வ சாதாரணம். ஆனால் மழை அபூர்வம், வானம் துப்புரவு, வருஷத்தில் முந்நூறு நாளுக்கு மேல் வெயில். குளிருக்கும் பஞ்சமில்லை, சூரியனுக்கும் பஞ்சமில்லை. அங்கேயும் கனத்த மண்சுவர்தான், கரிசல்காட்டுக்காரருக்கு அது பழகிய சுவராகவே தெரியும். வடக்குச் சுவரில் திறப்பே வைக்க மாட்டார்கள். தெற்கே மட்டும் ரப்சல் என்ற வேலைப்பாடுள்ள மரச்சன்னல் அகலமாகத் துருத்தி நிற்கும். கண்ணாடி தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் தெற்குப் பக்கத்து அறையையே கண்ணாடியால் மூடி ஷெல்காங் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். குளிர்காலப் பகல் முழுக்கக் குடும்பம் அங்கேதான்: சமையல், படிப்பு, தாத்தாவின் தூக்கம், எல்லாம்.

ஏன் தெற்கு? கணக்கு எளிது. லே 34 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் அங்கே சூரியன் தொடுவானத்திலிருந்து 32 டிகிரிக்குமேல் ஏறுவதில்லை. அந்தத் தாழ்ந்த வெயில் தெற்குச் சன்னல் வழியாக அறையின் பின்சுவர்வரை போய் விழும். கோடையில் சூரியன் தலைக்குமேல் ஏறிவிடுவதால் அதே சன்னலுக்கு வெயில் குறைவு. கண்ணாடி வெயிலை உள்ளே விடும். வெயில் பட்டுச் சூடான தரையும் சுவரும் திருப்பி அனுப்புகிற வெப்பக் கதிர் கண்ணாடியைத் தாண்டி நேராகப் போக முடியாது. வாசலில் நிறுத்திய காரைப் பங்குனி மாதத்தில் திறந்து பார்த்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இந்தத் தந்திரத்தை வைத்து ஒரு பள்ளி வளாகத்தையே கட்டிக் காட்டியது, 1988-ல் தொடங்கிய செக்மால் என்ற லடாக் மாணவர் இயக்கம். அதை நிறுவியவர்களில் ஒருவர் சோனம் வாங்சுக். லேவுக்கு அருகே ஃபே கிராமத்தில் மண்ணைக் கெட்டித்து எழுப்பிய கட்டடங்கள் தெற்கு நோக்கி நிற்கின்றன. குளிர்காலத்தில் அவற்றின் தெற்குச் சுவரை ஒட்டி பாலிதீன் கூடாரம் கட்டுகிறார்கள், கோடையில் அவிழ்த்துவிடுகிறார்கள். '3 இடியட்ஸ்' படத்தில் வந்த ஷே கிராமத்துப் பள்ளியிலோ விடுதிகளுக்கு திரோம்ப் சுவர் இருக்கிறது. சன்னலுக்குப் பின்னால் அறைக்குப் பதில் ஒரு கறுப்புச் சுவரை நிறுத்திவைத்தால் அதுதான் திரோம்ப் சுவர். பகல் வெயிலைச் சுவர் குடித்துக்கொள்ளும். சூடு அந்தக் கனத்தைக் கடந்து மறுபக்கம் வரப் பல மணி நேரம் பிடிக்கும், அதற்குள் இரவாகியிருக்கும். பிரெஞ்சுக்காரர் ஃபெலிக்ஸ் திரோம்ப் 1960-களில் பரப்பியதால் அவர் பெயர் நின்றுவிட்டது. 1881-லேயே அமெரிக்காவில் எட்வர்ட் மோர்ஸ் இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்.

பகல் சரி, ராத்திரி? சூரியன் மலைக்குப் பின்னால் போன மறுநிமிடம், சம்பாதித்துக் கொடுத்த சன்னலே செலவாளியாகிவிடும். நாலுக்கு நாலடி சன்னல், அதில் ஒற்றைக் கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 20 டிகிரி, வெளியே மைனஸ் 20. ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதைப் பொறியாளர்கள் யு மதிப்பு என்கிறார்கள். ஒற்றைக் கண்ணாடிக்கு அது சுமார் 5.7. பெருக்கிப் பார்த்தால் அந்த ஒரு சன்னலில் மட்டும் சுமார் 340 வாட் வெளியேறுகிறது, நான்கு சீலிங் ஃபேனை ஓட்டும் சக்தி. இரண்டு கண்ணாடியை இடைவெளிவிட்டு வைத்தால் யு மதிப்பு 2.8 ஆகி, இழப்பு பாதியாகக் குறையும். பூச்சும் மந்த வாயுவும் சேர்த்த நல்ல மூன்றடுக்குச் சன்னலில் அது 0.8-க்கு இறங்கும், இழப்பு 48 வாட் பக்கம்தான்.

இந்த வேலையில் கண்ணாடிக்குப் பங்கு சொற்பம். கண்ணாடி வெப்பத்தைச் சுலபமாகக் கடத்தும். தடுப்பது இடையில் சிறைப்பட்ட காற்று. கம்பளிக்குள் இருக்கும் காற்று செய்கிற அதே காரியம். இரண்டு கண்ணாடியை ஒன்றாக ஒட்டி ஓரம் அடைக்கும் யோசனைக்கு நியூயார்க்கின் தாமஸ் ஸ்டெட்சன் 1865-லேயே காப்புரிமை பெற்றார். வீடுகளுக்கு அது பரவலாக வர அரை நூற்றாண்டுக்குமேல் ஆனது. அதுவரை ரஷ்யர்கள் இரண்டு சன்னலை ஒன்றன்பின் ஒன்றாகவே வைத்தார்கள். ஈரத்தை உறிஞ்ச நடுவில் பஞ்சு, இலையுதிர் காலத்தில் இடுக்கெல்லாம் காகிதப் பட்டை ஒட்டல். முழுச் சன்னலையும் அடைத்துவிட்டு மூச்சுவிட மட்டும் மேல்மூலையில் சின்னக் கதவு ஒன்றை வைத்தார்கள், அதற்கு ஃபோர்தோச்கா என்று பெயர். காலதர் என்ற சொல் பொருத்தமாக அமைவது அந்தச் சின்னக் கதவுக்குத்தான்.

இடைவெளி 12 முதல் 16 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. கூடினால் உள்ளே காற்றே சுழன்று சூட்டைக் கடத்தத் தொடங்கிவிடும். காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயுவை நிரப்பினால் கடத்தல் மூன்றில் ஒரு பங்கு குறையும். 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வந்ததுதான் பெரிய மாற்றம்: கண்ணாடியின் ஒரு பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெள்ளிப் பூச்சு. வெளிச்சத்தை விடும், வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும். 1990-91-ல் ஜெர்மனியின் தார்ம்ஷ்டாட் நகரில் வோல்ஃப்காங் ஃபைஸ்ட் கட்டிய வீடு, அப்படிப்பட்ட மூன்றடுக்குச் சன்னல்களோடு வெகு சொற்ப வெப்பத்திலேயே குளிர்காலத்தைத் தாண்டிக் காட்டியது. இன்றைய 'பாசிவ் ஹவுஸ்' அளவுகோலில் சன்னலுக்கு விதித்த 0.8 என்ற எண் அந்தப் பரம்பரையில் வந்தது.

சமவெளியில் செய்த இரட்டைக் கண்ணாடியை அப்படியே லேவுக்கு ஏற்றிப் போனால் ஒரு வேடிக்கை நடக்கும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கீழே அடைத்த காற்று மேலே போனதும் விரியப் பார்க்கும். கண்ணாடி இரண்டு பக்கமும் வயிறு ஊதினாற்போலப் பிதுங்கும், சில நேரம் விரிசல் விடும். ஓரப்பட்டையில் ஊசித்துளைக் குழாய் ஒன்றைச் செருகி அனுப்புவது இதற்கு வைத்தியம். அந்தத் துளை வழியாக ஆர்கானும் போய்விடும் என்பதால், உயரமான ஊர்கள் வெறுங்காற்றோடு திருப்திப்பட வேண்டியிருக்கிறது.

யு மதிப்பைவிட அன்றாட வாழ்வில் உறைப்பது கண்ணாடியின் உட்பரப்புச் சூடு. மேலே சொன்ன அதே மைனஸ் 20-ல் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் மைனஸ் 9, 10 வரை இறங்கிவிடும். இரட்டையில் 5 டிகிரி, நல்ல மூன்றடுக்கில் 16. அறை 20 டிகிரியில் இருந்து, ஈரப்பதம் 50 சதவீதமும் இருந்தால், 9 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். கனடாவின் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் உள்ள தமிழ் அடுக்களைகளுக்கு இந்த எண் நன்றாகத் தெரியும், எண்ணாகத் தெரியாவிட்டாலும். இட்லிச் சட்டி ஒரு பக்கம், புட்டுக்குழல் ஒரு பக்கம், சோற்றுக் கஞ்சி ஆவி வேறு. ஜனவரிக் காலையில் யன்னல் அழும். கண்ணாடியின் அடியோரத்தில்தான் முதலில் நீர் திரளும், அங்கே ஓரப்பட்டை உலோகமாக இருந்தால் குளிர் அதன் வழியாகக் குறுக்கே ஓடிவிடுவதால். நீர் வழிந்து மரச்சட்டத்தில் இறங்கி ஓரம் கறுக்கும். தரைவரை தொங்கும் கனத்த திரைச்சீலை குளிரைத் தடுக்கும் என்று நம்பி இழுத்துவிட்டால் நிலைமை மோசமாகும். அறைச் சூடு கண்ணாடியை எட்டாமல் அது இன்னும் குளிர்ந்து, திரைக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும்.

வாடகை வீட்டில் சன்னலை மாற்ற முடியாதவர்களுக்கு அங்கே ஒரு மலிவான வழி உண்டு. சன்னல் சட்டத்தைச் சுற்றி இருபுறமும் ஒட்டும் பட்டை; அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள். முதலில் சுருக்கம் சுருக்கமாக, கல்யாணப் பந்தல் துணிபோலத் தொங்கும். தலைமுடி உலர்த்தும் டிரையரைக் காட்டினால் மூலையிலிருந்து மூலைக்கு இறுகி, மிருதங்கத் தோல்போல் விறைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் ஒற்றைக் கண்ணாடி ஏழையின் இரட்டைக் கண்ணாடியாகிவிடும். காஷ்மீரத்துக் காகிதத்துக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

நோர்வேயில் கதை கொஞ்சம் வேறு. 1956-ல் அங்கே போய்ச் சேர்ந்த ஈழத் தமிழர் அந்தோனி ராஜேந்திரத்துக்குப் பின், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஏராளமான ஈழத் தமிழர்கள் வடகோடியில் உள்ள ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஹாமர்ஃபெஸ்ட் போன்ற ஊர்களில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி இருபது வாக்கு வரை சூரியன் எழுவதே இல்லை. தெற்குச் சன்னல், தாழ்ந்த வெயில் என்ற லடாக்கின் தந்திரம் அந்த இரண்டு மாதமும் செல்லாது. அடுக்குக் கண்ணாடி, இடுக்கில்லாத சட்டம், உள்ளே ஹீட்டர், அவ்வளவுதான் வழி. ஹீட்டரைச் சன்னலுக்கு நேர் கீழே வைப்பதற்கும் காரணம் உண்டு: குளிர்ந்த கண்ணாடியைத் தொட்ட காற்று கனத்துக் கீழே வழியும், சன்னல் சாத்தியிருந்தும் காலில் காற்று அடிப்பதுபோல் இருக்கும். கீழிருந்து எழும் சூடு அந்த வழிவைத் தடுக்கும்.

இப்போது காரியாபட்டிக்குத் திரும்பலாம், ஏனென்றால் அந்தக் குளிர் நாட்டுச் சன்னல் இங்கே வந்துகொண்டிருக்கிறது. புதிய வீடுகளில் யுபிவிசி சட்டம், நகர்த்தும் கதவு, ஆசைப்பட்டவர்க்கு இரட்டைக் கண்ணாடி. "ஏசி போடப்போறீங்கல்ல, டபுள் கிளாஸ் போட்டுருங்கண்ணே" என்பது கடைக்காரரின் யோசனை. பாதி சரி. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வெளியே 40, உள்ளே 26; வித்தியாசம் வெறும் 14 டிகிரி. நாலுக்கு நாலடி ஒற்றைக் கண்ணாடி வழியாக அதனால் வரும் சூடு சுமார் 118 வாட். இரட்டை போட்டால் 60 வாட் மிச்சம். ஆனால் அது மேற்குச் சன்னலாக இருந்து, சாய்வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் அடிக்கிறது என்றால், ஒற்றைக் கண்ணாடி உள்ளே விடுவது சுமார் 700 வாட். சாதா இரட்டைக் கண்ணாடியும் 600-க்குமேல் விட்டுவிடும். லேவில் பகை, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள நாற்பது டிகிரி வித்தியாசம். இங்கே பகை நேர்வெயில். கண்ணாடிக்கு வெளியே ஒரு தென்னந்தட்டி தொங்கினால் அந்த வெயிலில் பெரும்பங்கு அங்கேயே நின்றுவிடும். உள்ளே திரை போட்டால் பயன் குறைவு. கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு வந்ததுதான். மேலே நீட்டிய சன்ஷேடு உச்சி வெயிலுக்கு உதவும், மூன்று மணிக்குமேல் சாய்ந்து வரும் வெயிலை அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

காற்றுக் கணக்கு தனி. இந்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-ல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டின் தரைப்பரப்பில் எத்தனை பங்கு திறக்கக்கூடிய திறப்பாக இருக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. குளிர்ப் பகுதிக்கு 8.33 சதவீதம், வெப்பமும் வறட்சியுமான பகுதிக்கு 10, வெப்பமும் ஈரமுமான பகுதிக்கு 16.66. நூற்றிருபது சதுர அடி அறையென்றால் குளிர் ஊரில் பத்து சதுர அடி போதும், ஈரவெப்ப ஊரில் இருபது வேண்டும். நகர்த்தும் கதவுச் சன்னல் எத்தனை பெரிதானாலும் பாதிதான் திறக்கும். வேப்பம்பலகை இரட்டைக் கதவு முழுதும் திறந்தது.

பூச்சுக் கண்ணாடியை வாங்கினால் இன்னொரு எச்சரிக்கை. வெளியிலிருந்து உள்ளே எண்ணினால் இரட்டைக் கண்ணாடிக்கு நான்கு பரப்புகள். குளிர் நாட்டில் பூச்சை மூன்றாம் பரப்பில் வைப்பார்கள், வெயில் உள்ளே வரட்டும், அறைச் சூடு வெளியே போகாமல் இருக்கட்டும் என்று. வெப்ப நாட்டில் அது இரண்டாம் பரப்பில் இருக்க வேண்டும். வெயிலைத் தாராளமாக விடும் குளிர் நாட்டுக் கண்ணாடியை மேற்குச் சுவரில் மாட்டினால் காரியாபட்டியில் ஒரு ஷெல்காங் தயாராகிவிடும். எது எங்கே என்று பார்க்கக் கருவி வேண்டாம். மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடிக்கு முன்னால் ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்தால் உள்ளே வரிசையாக நான்கு சுடர் தெரியும். மூன்று ஒரே நிறம், ஒன்று மட்டும் நிறம் மாறியிருக்கும். பூச்சு அந்தப் பரப்பில். வெளிப்பக்கத்திலிருந்து எண்ணி அது மூன்றாவதாக வந்தால், சட்டத்தில் பீடிங் அடிப்பதற்கு முன் கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொல்லலாம். தென்னந்தட்டி தொங்கவிட வெளிச்சுவரில் இரண்டு ஆணி அப்போதும் வேண்டும்.